பதினான்கு அங்குலச் சுவர்

பிப்ரவரி 3, திங்கள்

சாவி கைக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் பழைய மச்சு வீடு. முன்னறை ஒன்று, அதை ஒட்டி அடுப்படி, அதற்குப் பின்னால் குளியலறை. அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில் செண்பகவடிவு என்ற பெயரில் முதன்முதலாக ஒரு கட்டடம்.

அண்ணனும் மதினியும் கூட வந்தார்கள். அண்ணன் காந்திமதிநாதன் எதையும் வாயால் சொல்வதோடு விடமாட்டான், நிரூபித்துக் காட்டுவான். என் பையிலிருந்தே டேப்பை எடுத்து அடுப்படியில் நீட்டினான். அகலம் ஏழடி, நீளம் ஒன்பது.

“ஒன் நாற்காலி திரும்புததுக்கு எத்தன அடி வேணும்?”

“அஞ்சு.”

“மேடைக்கு ரெண்டடி போச்சு. மிச்சம் சரியா அஞ்சு. அரிசி டின்னு, பாத்திர ஸ்டாண்டு, மிக்ஸி, டப்பா, இதெல்லாம் எங்கன வைப்ப? தலையிலயா?”

சக்கர நாற்காலிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் நில அளவைத் துறையில் வயல் வயலாகச் சங்கிலி பிடித்து நடந்தவள். இப்போது அதே துறையில் மேசையில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறேன். அளவு விஷயத்தில் என்னை மடக்குவது எளிதில்லை. இன்று மடக்கிவிட்டான்.

“சித்திர பொறக்குத வரைக்கும் டைம் தாரேன். இதுக்குள்ள நீ ஒத்தையில இருக்க முடியும்னு காட்டு. இல்லன்னா வாடகைக்கு விட்டுட்டுப் பேசாம நம்ம வீட்டுலயே இரு” என்றான்.

தனி வீடு எதற்கு என்று கேட்டவர்களிடம் நான் சொன்ன காரணம், ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்பது. அது பொய்யில்லை.

பிப்ரவரி 5, புதன்

ஆபீஸ். மூன்று உட்பிரிவுப் படம். மதியம் தலைவலி.

பிப்ரவரி 8, சனி

புது வீட்டில் தனியாக ஒரு மணி நேரம் இருந்தேன். தரையை நான்கு தடவை அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் சொன்ன கணக்குத்தான் வந்தது.

சலித்துப்போய் ஜன்னலோரம் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஜன்னல் திட்டில் கையை வைத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கை முழுதும் திட்டுக்குள் அடங்கியது. அதற்கப்புறமும் இடமிருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தேன். பதினான்கு அங்குலம்! ஒன்றரைக்கல் சுவர். இந்தக் காலத்தில் யாரும் கட்டாத பருமன்.

வீட்டை விற்றவர் நீளம் சொன்னார், அகலம் சொன்னார், கிணறு இருந்த இடத்தைக்கூடச் சொன்னார். சுவரின் பருமனைச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

சுவரையே குடைந்து அலமாரி வைத்தால்? பதினான்கில் பின்பக்கம் ஐந்தை விட்டுவிட்டால் மிச்சம் ஒன்பது. வீட்டுக்குத் திரும்பியதும் மதினியின் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லி அளந்தேன். பருப்பு டப்பா ஐந்தரை அங்குலம். எண்ணெய்த் தூக்கு ஆறு. மிக்ஸி எட்டு. குக்கர் எட்டே முக்கால். இட்லிப் பானை மட்டும் பதினொன்று.

“என்ன வடிவு, என் டப்பாவுக்கெல்லாம் சட்ட தைக்கப் போறியா?” என்று கேட்டாள் கோமதி மதினி.

“ஆமா மதினி. செங்கல்லுல.”

அவள் சிரித்தாள். பிறகு வழக்கம்போல வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். மதினியின் அடுப்படிக்குள் நான் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடைசியாகப் போன அன்று ரசச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். சூடு தொடையில் ஏறியது எனக்குத் தெரியவில்லை. மதினி என் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு அலறியபோதுதான் தெரிந்தது. இரண்டு மாதம் கட்டு. அதற்குப் பிறகு காப்பிகூட என் கைக்கு வந்துதான் சேருகிறது, நான் போய் எடுப்பதில்லை. அன்பினால்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பொறியாளர் ரெஜினா மேரியை அழைத்துப் போய்க் காட்டினேன். ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரரின் மருமகள். சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே, காதைச் சுவரில் வைத்தபடி வீட்டைச் சுற்றி வந்தார்.

“நல்ல செவருதான். ஆனா இஷ்டத்துக்கு உடைக்கக் கூடாதுக்கா. ரெண்டரை அடிக்கு மேல அகலம் வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் மேல கான்கிரீட் பட்டை போட்டாகணும். ரெண்டு அலமாரிக்கு நடுவுல ஒன்றரை அடி செவரு அப்படியே நிக்கணும். மேல உத்தரம் உக்காந்திருக்கிற இடத்துல கையே வைக்கக் கூடாது. ஒண்ண முடிச்சு, அது இறுகின பொறவுதான் அடுத்தது.”

எல்லாவற்றையும் படமாக வரைந்து காட்டினேன். அடுப்படிச் சுவரில் இரண்டு. முன்னறையில் கட்டில் தலைமாட்டில் ஒன்று. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருக்கும் சுவரில் துணிக்கு ஒன்று. ரெஜினா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கொத்தனார் ஆவுடையப்பன் வேலையைத் தொடங்கினார். ஐம்பது வயதிருக்கும். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அடுப்படிச் சுவரில் கோடு போட்டார். கோடு அவர் கண் உயரத்தில் இருந்தது.

“அண்ணாச்சி, இந்த வாளியக் கவுத்துப் போட்டு அதுல உக்காருங்க” என்றேன்.

“எதுக்கும்மா?”

“உக்காருங்க. இப்ப எந்திரிக்காம அந்தக் கோட்டத் தொடுங்க.”

கையை நீட்டினார். எட்டவில்லை. எக்கினார். வாளி சரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தபடியே கோட்டை அண்ணாந்து பார்த்தார்.

“முப்பது வருசமா நின்னுக்கிட்டேல்லா வீடு கட்டிருக்கேன்” என்றார்.

பிறகு அவரே உட்கார்ந்தபடி கோடு போட்டார். தரையிலிருந்து பதினைந்து அங்குலத்தில் அடித்தட்டு. நாற்பத்தெட்டில் மேல்தட்டு. அதற்கு மேலும் கீழும் எனக்கு ஒன்றும் வேண்டாம். தட்டுக்குக் கடப்பாக்கல். கதவு கிடையாது. கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் நாற்காலி பின்னால் போக வேண்டியிருக்கும். கல் விளிம்பை உருட்டி வழுவழுப்பாக்கித் தரச் சொன்னேன். என் விரல் மொளியெல்லாம் ஏற்கெனவே போதுமான அளவு தேய்ந்திருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். அடுப்படிச் சுவரில் ரெண்டரை அடி அகலத்துக்குப் பள்ளம். தரையெல்லாம் செங்கல் தூள்.

“ஏட்டி, வீட்ட விழுத்தாட்டப் போறியா? மச்சு தலையில எறங்குச்சுன்னா நீ எந்திரிச்சு ஓடுவியா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கொத்தனார் வெளியே போய்விட்டார். நான் ரெஜினா கையெழுத்துப் போட்ட படத்தை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. குனிந்து, சட்டிக்குள் உடைந்த கல்லை அள்ளிப்போட ஆரம்பித்தான். ஆபீஸ் சட்டையோடு பதினாறு சட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டினான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

விபத்து நடந்த அன்றைக்குத் தென்காசி சாலையில் பைக்கை ஓட்டியவன் அவன். எனக்கு முதுகெலும்பு, அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதைப் பற்றி இதுவரை நான் எதுவும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மின் இணைப்பைப் பெயர் மாற்ற என் பழைய சான்றிதழ் ஒன்று தேவைப்பட்டது. அண்ணனின் பைலில் தேடினேன். கிடைத்தது.

அதே பைலில் அவன் வேலை பார்க்கும் உரக் கம்பெனியின் கடிதம் ஒன்றும் இருந்தது. ஓசூரில் மண்டல மேலாளர் பதவி. ஏற்கெனவே இரண்டு முறை குடும்பக் காரணம் சொல்லி மறுத்துவிட்டதாகவும், இது மூன்றாவது முறை என்றும், இனி கேட்கமாட்டோம் என்றும், ஏப்ரல் பத்துக்குள் முடிவு வேண்டும் என்றும் எழுதியிருந்தது. மடித்திருந்தபடியே மடித்து வைத்துவிட்டேன்.

நாளை முதல் இரண்டு ஆளாக வந்து வேலையை விரைவுபடுத்தும்படி கொத்தனாருக்குப் போன் செய்தேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

மார்ச் 1, சனி

அடுப்படியின் இரண்டு அலமாரிகளும் நின்றுவிட்டன. பட்டை இறுகிவிட்டது. கல் தட்டுகளைப் பதித்தாயிற்று. காலி டப்பாக்களை அடுக்கிப் பார்த்தோம். ஒன்றுகூட வெளியே மூக்கை நீட்டவில்லை. நாற்காலியை நடுவில் நிறுத்தி ஒரு முழுச்சுற்று சுற்றினேன். எதிலும் இடிக்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றினேன். கொத்தனார் கடிகாரத்தைப் பார்க்கும் வரைக்கும் சுற்றினேன்.

மார்ச் 2, ஞாயிறு

நடுச்சுவரில் கை வைத்தார்கள். பூச்சை எடுத்து, இரண்டு கல்லை உருவியதும் உள்ளேயிருந்து மண் கொட்டியது. வெறும் மண், உடைந்த ஓடு, செங்கல் துண்டு. கொட்டிக்கொண்டே இருந்தது. கொத்தனார் சாக்கை வைத்து அடைத்தார். பூச்சில் ஒரு விரிசல் மேல்நோக்கி ஓடியது.

அண்ணன் அங்கேதான் இருந்தான்.

“நான் அன்னைக்கே சொன்னேம்லா. உள்ள பூரா மண்ணு. செவரே இல்ல இது. போதும் வடிவு. அடச்சிப் பூசிட்டு, வீட்ட வித்துருவோம்.”

கொத்தனாரும் தலையைக் குனிந்துகொண்டார். “ரிஸ்க்குதாம்மா” என்றார்.

வேலையை நிறுத்தியாயிற்று. உத்தரத்துக்கு அடியில் இரண்டு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 3, திங்கள்

ஆபீஸ். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ்.

மார்ச் 6, வியாழன்

மதியத்துக்கு மேல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புது வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சாவியை விற்பனைத் தரகரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்க்கலாம் என்றிருக்கும்.

நடுச்சுவருக்கு எதிரே நாற்காலியை நிறுத்திக்கொண்டேன். மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்து சுவரில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடிய விரிசல் தெளிவாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அது நேராக இருக்கிறது! நூல் பிடித்தது மாதிரி. பலவீனத்தால் விரிகிற சுவர் கோணல்மாணலாக, கல்லுக்குக் கல் படியேறித்தான் விரியும். நேர்கோட்டை மனிதன்தான் போடுவான்.

அதற்கு இணையாக இன்னொன்றும் இருக்க வேண்டுமே என்று தேடினேன். இருந்தது. மயிரிழைக் கோடு. சுண்ணாம்பு அடித்து அடித்து மூடிப்போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் டேப்பை வைத்தேன். சரியாக மூன்றடி.

மூன்றடி அகலத்தில் ஒரு வீட்டில் என்ன இருக்கும்?

துடைப்பக் கட்டையை எடுத்து, கைக்கு எட்டிய வரை தட்டினேன். கீழே மண் சத்தம், சொத்தென்று. உயர்த்தித் தட்டினேன். ஆறடிக்குக் கொஞ்சம் மேலே சத்தம் மாறியது. ணங்கென்று கேட்டது. கல். கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் தட்டினேன். அங்கேயும் கெட்டியான செங்கல் சத்தம்.

அது மட்டமான சுவர் இல்லை. யாரோ எப்போதோ மண்ணைக் கொட்டி அடைத்துவிட்ட பழைய வாசல். மேலே கல் பட்டை, இரண்டு பக்கமும் நிலை நின்ற தூண், எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் கட்டவேண்டியதை எவரோ எத்தனையோ வருடத்துக்கு முன்பே கட்டி, மூடி, எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெயில் போகும் வரை அங்கேயே இருந்தேன். சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 7, வெள்ளி

ரெஜினா வந்து ஒரு மூலையில் துளை போட்டுப் பார்த்தார். வாசலேதான். கல் பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

கொத்தனார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “யம்மா, ஒங்க கண்ணுல ரசமட்டம் வச்சிருக்கியளா?”

“சம்பளம் வாங்குததே கோடு பாக்கத்தான அண்ணாச்சி.”

“சரி, பின்பக்கம் அரைக்கல் வச்சு அடச்சி, துணி அலமாரியா ஆக்கிருவோமா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் முன்னறை. நடுவில் பதினான்கு அங்குலம். துணியை மறந்துவிட்டேன்.

“அடைக்க வேண்டாம். ரெண்டு பக்கமும் தொறந்தே இருக்கட்டும். என் மடி உயரத்துல அகலமா ஒரு கல். அதுக்கு மேல ரெண்டு தட்டு. அங்கன சமைச்சு இதுல வச்சிட்டு, சுத்தி இந்தப் பக்கம் வந்து எடுத்துக்கிடுவேன்.”

கொத்தனார் யோசித்தார். “சூடான சட்டியத் தூக்கிட்டு அலைய வேண்டாம்” என்றார் மெல்ல.

“வேண்டாம்.”

ரெஜினா என் படத்தில் ஒரு கோட்டை அழித்தார்.

இட்லிப் பானையும் அதில் நிற்கும்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். நம்பாமல் வந்தான். கல் பட்டையை அவனே மூன்று தடவை தட்டிப் பார்த்தான். பிறகு, “டீ குடிக்கியா?” என்று கேட்டான். அவன் பாராட்டு என்றால் இதுதான்.

மார்ச் 20, வியாழன்

வெள்ளை அடித்தாயிற்று. வாசல் படிக்குச் சாய்தளம் போட்டாயிற்று. கட்டில் தலைமாட்டுச் சுவரில் குடைந்த பிறையில் தண்ணீர், போன், மாத்திரை, புத்தகம் எல்லாம் படுத்தபடியே கைக்கு எட்டுகின்றன. குளியலறையிலும் சோப்புக்குச் சுவருக்குள்ளேயே குழி. வீட்டில் தரையைத் தொட்டு நிற்பவை நான்குதான்: கட்டில், மேசை, மேடைக்குக் கீழே ஒரு குட்டி பிரிட்ஜ், நான்.

மார்ச் 23, ஞாயிறு

குடி வந்தேன். பால் காய்ச்சினோம். மதினி கிளம்பும்போது ஏழு நாளைக்கான குழம்பைத் தூக்கில் வைக்கப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுருங்கியது. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இங்கே சாப்பிட வர வேண்டும் என்று சொன்னேன். முகம் இன்னும் சுருங்கியது.

பயமெல்லாம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லா விளக்கையும் போட்டேன். வெள்ளை அடித்தது எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மார்ச் 24, திங்கள்

உப்புமா. கல் மாதிரி. முழுவதையும் சாப்பிட்டேன்.

எதிர் டீக்கடையில் காலை ஏழு மணியிலிருந்து ஓர் ஆள் ஒரே பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார். முகம் தெரியவில்லை. சட்டை தெரிகிறது. போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

மார்ச் 25, செவ்வாய்

பேப்பர்காரர் இன்றும் வந்தார். நான் ஆபீஸுக்குக் கிளம்பியபோது பேப்பரை உயர்த்திக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

மார்ச் 27, வியாழன்

காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது சறுக்கிவிட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தரையைச் சரியாகத் துடைத்திருக்கிறேனா என்று அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு. சரியாகத் துடைக்கவில்லை.

ஜன்னல் திறந்திருந்தது. எதிரே அவன் இருந்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் நான்கு எட்டில் வந்திருப்பான். வந்திருந்தால், அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

தலைமாட்டுப் பிறையின் அடித்தட்டு பதினைந்து அங்குல உயரத்தில் இருக்கிறது. ஊர்ந்துபோய் அதைப் பிடித்தேன். சுவருக்குள் பதிந்த கல், அசையவில்லை. முதலில் ஒரு கை. பிறகு இன்னொரு கை. நாற்காலியை அணைத்து இழுத்துக்கொண்டு, பிரேக்கைப் போட்டு, தட்டைப் பிடித்து உந்தி... மூன்றாவது முயற்சியில் ஏறிவிட்டேன். முப்பத்தைந்து நிமிடம். ஆபீஸுக்குப் பத்து நிமிடம் தாமதம். காரணம் கேட்டதற்கு வீட்டு வேலை என்றேன்.

வாசலைக் கடக்கும்போது பேப்பர்காரருக்குக் கை காட்டினேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 28, வெள்ளி

டீக்கடையில் யாரும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கை எல்லாம் இஞ்சி மணம். ஆனாலும் எழுதாமல் முடியாது.

சொதி வைத்தேன். தேங்காய்ப் பால் மூன்று எடுத்து, பாசிப்பருப்பு, காய், எல்லாம் முறையாக. இஞ்சிப் பச்சடி. உருளைக்கிழங்கு வறுவல். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றேகாலுக்கு முடித்தேன். மேடைக்குக் கீழே காலி என்பதால் முழங்கால் உள்ளே போகிறது. பின்னால் திரும்பினால் பருப்பு, வலது பக்கம் தேங்காய், இடது பக்கம் எண்ணெய். எதையும் மடியில் வைக்கவில்லை.

கொத்தனார் வேட்டி சட்டையில் வந்திருந்தார். ரெஜினா ஒரு செடி கொண்டுவந்தார். அண்ணனும் மதினியும் முன்னறையில் பாயில் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் இலை போட்டாயிற்று. நான் அடுப்படிக்குள் போனேன்.

சோற்றுப் பானையை நடுச்சுவர்க் கல்லில் வைத்தேன். சொதிச் சட்டியை வைத்தேன். பச்சடி, வறுவல், அப்பளம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது. “வடிவு, நான் வந்து எடுக்கட்டுமா?” அவள் எழுந்துவிட்டாள் என்று வளையல் சத்தத்திலேயே தெரிந்தது.

“உக்காருங்க மதினி.”

ஐந்தடிக்குள் ஒரே திருப்பு. கதவு வழியாகச் சுற்றி முன்னறைக்கு வந்து, சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரிமாறினேன். நான்கு இலைக்கும் நான்தான். ஒன்பது வருடம் என்னை அடுப்பருகே விடாதவளின் இலையில் சூடான சொதியை என் கையால் ஊற்றினேன். மதினி இலையைப் பார்த்தபடி சாப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “பச்சடி காரம்” என்றாள். காரமே இல்லை. எனக்குத் தெரியும்.

மற்றவர்கள் கிளம்பிய பிறகு அண்ணனிடம் கேட்டேன்.

“ஓசூருக்கு எப்பப் போற?”

“அந்தத் தாளப் பாத்துட்டியா?”

“பிப்ரவரியிலயே.”

“அப்ப கொத்தனாருக்கு ரெண்டு ஆளாப் போட்டு அந்த ஓட்டம் ஓட்டுனது...”

“வெயிலுக்கு முந்தி முடிக்கத்தான்.”

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“வடிவு, அன்னைக்கு நான் கொஞ்சம் மெதுவா ஓட்டியிருந்தா...”

பதினோரு வருடம். அதற்கு மேல் அவனால் போக முடியவில்லை.

“ரோட்டுல மணல் கெடந்துச்சுண்ணே. நீ மெதுவாத்தான் ஓட்டுன. பின்னால நான்தான இருந்தேன், எனக்குத் தெரியாதா?”

பைக்கின் வேக முள் நாற்பதில் இருந்ததா அறுபதில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை அவன் பக்கமே எழுதிவிட்டேன்.

அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தான். எச்சில் இலைகளை எடுக்கப் போனான். எடுக்க விட்டேன். விருந்தாளியாக வந்தவனுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

ஏப்ரல் 9, புதன்

அண்ணன் ஓசூர்த் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒரு நாள் முன்னாடியே.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை பிறந்துவிட்டது. கெடுவைப் பற்றி யாரும் பேசவில்லை. பாயசம் வைத்தேன்.

மே 4, ஞாயிறு

ஜங்ஷனுக்கு என் மூன்று சக்கர ஸ்கூட்டரில் நானே போய் வழியனுப்பினேன். மதினி ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தினமும் போன் பண்ணு, கதவைப் பூட்டிப் படு, தேங்காய் உடைக்கும்போது கையைப் பார்த்துக்கோ என்று ரயில் நகரும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்ததும் அண்ணன் எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினான். மண்டல மேலாளர் கையை ஆட்டுகிற மாதிரி இல்லை, சின்னப் பிள்ளை ஆட்டுகிற மாதிரி, வளைவு வரைக்கும்.

திரும்பும் வழியில் கண்ணில் ஏதோ தூசி. பாலத்தில் காற்று அதிகம்.

மே 7, புதன்

மாநகராட்சியிலிருந்து வீட்டுக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கையில் படிவம். கதவைத் திறந்தேன். அவள் பார்வை என் தலைக்கு மேலே போய், வீட்டுக்குள் யாரையோ தேடியது.

“வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா?”

இந்தக் கேள்வியைப் பதினோரு வருடமாகக் கேட்டுவருகிறேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், ஜவுளிக் கடையில். எப்போதும் பின்னால் திரும்பி அண்ணனைக் கூப்பிடுவேன்.

“இருக்காவ” என்றேன். “நான்தான்.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “சாரிக்கா. குடும்பத் தலைவர் பேரு?”

“செண்பகவடிவு. ‘ண்’ பெரிசு. மூணு சுழி.”

“மொத்தம் எத்தன பேரு?”

“ஒரு ஆள்.”

எழுதிக்கொண்டாள். வெயிலில் வந்தவள், உதடு காய்ந்திருந்தது. நாற்காலியைத் திருப்பி வழிவிட்டேன்.

“வெளிய நிக்காதீங்க. உள்ள வந்து உக்காருங்க, காப்பி போடுதேன்.”